ராஜாவைச் சுழற்றிய மூவாயிரம்

ராஜா பறந்து போய் டிரம்முக்குள் விழுந்தார்.

நாடகத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. கடைசிக் காட்சியில் ராஜா நாட்டைத் துறந்துவிட்டு, காலி மேடையில் தன்னந்தனியாக நின்று, "இனி எனக்கென்று எதுவும் இல்லை" என்று உருக வேண்டும். வட்டமான மேடை மெல்லச் சுழன்று அவரை இருட்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும். மேடை சுழன்றது, சந்தேகமில்லை. ஆனால் மிக்ஸி சுழல்கிற மாதிரி சுழன்றது. கிரீடம் பால்கனிக்குப் போனது. செங்கோல் திரைச்சீலையில் சொருகிக்கொண்டது. ராஜா வாத்தியக்காரர்கள் பக்கம் வந்து சேர்ந்தார். ஒத்திகை பார்க்க வந்திருந்த விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டி, "ஒன்ஸ் மோர்" கேட்டார்களாம்.

"டிரம்முக்கு என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அண்ணி!" என்றாள் துருவி.

"சரி, ராஜாவுக்கு என்னாச்சு?"

"கணுக்கால்ல சுளுக்கு," என்றார் கதையைச் சொன்னவர். சிரிக்கவில்லை. சிரிப்பு என்ற சரக்கு அவர் முகத்துக்கு இன்னும் டெலிவரி ஆகவில்லை போலிருந்தது.

அவர் ஒரு மென்பொருள் கம்பெனியின் முதலாளி. நாடக அரங்குகளில் மேடையைச் சுழற்றுவது, திரையை ஏற்றி இறக்குவது எல்லாவற்றுக்கும் மென்பொருள் எழுதி விற்கிறவர். துருவி என் நாத்தனார், தொழில் துப்பறிவது. சர்டிபிகேட்டில் வேறு பெயர் இருக்கிறது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து எதையும் துருவித் துருவிக் கேட்டதால் வீட்டில் வைத்த பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. நான் அவள் அண்ணன் பெண்டாட்டி. ஸ்கூட்டர் ஓட்டுவதும் வாயாடுவதும் என் இலாகா, மூளை அவள் இலாகா. இந்தப் பாகப்பிரிவினையில் இதுவரை எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

"இன்னிக்குச் சாயங்காலம் முதல் காட்சி," என்றார் முதலாளி. "அதுக்குள்ள தப்பு யாருதுன்னு அரங்கத்துக்காரங்களுக்குச் சொல்லணும். இல்லேன்னா எங்க மென்பொருளைத் தூக்கிப் போட்டுட்டு ஆளுங்களை வச்சு மேடையைத் தள்ளிக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

"தப்பு யாருது?" என்றாள் துருவி.

"அதுல சந்தேகமே இல்லை. கையேடு எழுதற பொண்ணுது. மேடையை எப்படி இயக்கணும்னு எங்க கையேட்டுல இருக்கு. அதுல இருக்கிறபடியேதான் ஆபரேட்டர் செஞ்சிருக்கார். மேடை இப்படிப் பேயாட்டம் ஆடிடுச்சு. 'தவறு என்னுடையது'ன்னு ஒரு கடிதம் அடிச்சு வச்சிருக்கேன். அவ கையெழுத்துப் போடணும். அதை எங்க வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அனுப்பிட்டு, அவளை வேலையை விட்டும் அனுப்பிடுவேன். போட மாட்டேங்குறா. நீங்க நாலு கேள்வி கேட்டுப் போட வச்சிடுங்க."

பேசிக்கொண்டே எங்கள் டீப்பாயில் இறைந்து கிடந்த பத்திரிகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கிவிட்டார். எங்கள் டீப்பாய்க்கு அப்படி ஒரு யோகம் அடிப்பது அபூர்வம் என்பதால் நான் தடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு எழுதினதுக்கு அப்புறம் கையேட்டை வேற யாராவது மாத்தினாங்களா?"

"சத்தியமா இல்லை. ஒரு எழுத்துகூட மாறலை. வடிவமைப்பாளர்கிட்ட போச்சு, என் மேஜைக்கு வந்துச்சு, அச்சுக்குப் போச்சு. அவ்வளவுதான்."

துருவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறவர்களை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவாள் அவள். அவர் போனதும், "எப்படி?" என்று கண்ணால் கேட்டேன்.

"நிஜத்தைத்தான் சொல்றார் அண்ணி. அதுதான் இடிக்குது. வண்டியை எடுங்க."

அரங்கத்தின் இயக்கும் அறை, மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு நாற்காலி, அதில் ஆபரேட்டர். நல்ல மனுஷன். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜாதி. "ஒரு நிமிஷம் இருங்க" என்று நான் பேச்சுக்குச் சொன்னதற்குக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் கையேட்டுல இருந்ததை அப்படியே அடிச்சேங்க," என்று தழுதழுத்தார். "ராஜா என் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேங்குறார்."

"என்ன அடிச்சீங்க?"

கையேட்டை விரித்து விரல் வைத்துக் காட்டினார். பழைய டைப்ரைட்டரில் அடித்தது போன்ற எழுத்தில் ஒரு வரி இருந்தது: மேடை சுழற்று எடை 3000.

"எடையா? யார் எடை?" என்றேன்.

"மேடை மேல இருக்கிற மொத்த எடைங்க, கிலோ கணக்குல. அதுக்குத் தகுந்த மாதிரி எந்திரம் தம் கட்டித் தள்ளும். முன்னாடி ஒத்திகையெல்லாம் அரண்மனை செட்டு மேடை மேலயே நின்னுச்சு, தூணும் மாடமுமா. அதுக்கு மூவாயிரம் சரியா இருந்திருக்கும் போல. நேத்துதான் முதல் தடவையா அரண்மனையை எடுத்துட்டு ராஜா மட்டும் நின்னார்."

"எந்திரம் ராஜாவை அரண்மனைன்னு நினைச்சுத் தள்ளிடுச்சு," என்றாள் துருவி.

"ராஜாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைச்சிருக்காது," என்றேன் நான். ஆபரேட்டர் ஒப்புக்கொள்கிற மாதிரி தலையாட்டினார்.

"ஒரே ஒரு ஆள் நிக்கிற மேடைக்கு மூவாயிரம் அதிகம்னு உங்களுக்குத் தோணலையா?" என்றாள் துருவி.

"தோணிச்சுங்க. ஆனா டைப்ரைட்டர் எழுத்துல இருக்கிறதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடிக்கணும்னு முதல் பக்கத்துல போட்டிருக்கே?"

"முதல் பக்கமெல்லாம் படிப்பீங்களா?" என்று வாய் பிளந்தேன். என் வீட்டு வாஷிங் மெஷினுடன் வந்த புத்தகம் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது.

"முதல் பக்கம் படிக்காம ரெண்டாம் பக்கத்துக்கு எப்படிங்க போறது?" என்றார் ஆபரேட்டர், நிஜமாகவே புரியாமல்.

துருவி முதல் பக்கத்தைப் புரட்டினாள். 'இந்தக் கையேட்டில் எழுத்துகளைப் பயன்படுத்தியிருக்கும் முறை' என்று தலைப்பு. படித்தாள். மறுபடி படித்தாள். அவள் புருவம் ஏறியது. அந்தப் புருவம் ஏறினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"அண்ணி, மூணாவது வரியைச் சத்தமா படிங்க."

படித்தேன். "'இப்படிச் சாய்ந்த எழுத்தில் இருப்பவை வெறும் உதாரணங்கள். அவற்றை எடுத்துவிட்டு உங்களுக்கு உரியதை இடுங்கள்.' இதுல என்ன?"

"இப்படின்னா எப்படி?"

"இப்படித்தான். சாய்ந்த..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன், எழுத்தெல்லாம் சாய்ந்து தெரிந்தது. தலையை நிமிர்த்தினேன், அத்தனையும் நிமிர்ந்துகொண்டது. 'இப்படிச் சாய்ந்த எழுத்தில்' என்ற வார்த்தைகளே கம்பம் நட்ட மாதிரி நேராக நின்றன.

மூன்று பேருமாக அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினோம். தடித்த எழுத்து இருந்தது. டைப்ரைட்டர் எழுத்து இருந்தது. சாய்ந்த எழுத்து மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

"ஒரு பக்கத்துல மறந்திருந்தா அது கவனக்குறைவு," என்றாள் துருவி. "புத்தகம் பூரா ஒண்ணுகூட இல்லேன்னா, யாரோ ஒருத்தர் உட்கார்ந்து மொத்தமா நிமிர்த்தியிருக்காங்க. யார் நிமிர்த்தினா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அவள் குரலில் உற்சாகம் வழிந்தது. ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் என் முதுகில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். எனக்கும் தலைகால் புரியவில்லை. கொலை இல்லை, ரத்தம் இல்லை, ஓர் எழுத்து ஏன் நேராக நின்றது என்று தேடிக்கொண்டு இரண்டு பொம்பளைகள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பறக்கிறோம்! வீட்டுக்காரரிடம் சொன்னால், சாதத்தைப் பிசைந்த கையோடு எழுந்து நின்று சிரிப்பார்.

கம்பெனியில் கையேடு எழுதுகிற பெண்ணைப் பார்த்ததும் அந்த உற்சாகம் எனக்கு அடங்கிவிட்டது.

ஜன்னல் ஓரத்து இருக்கை. டம்ளர், ஸ்வெட்டர், சின்னத் தொட்டிச்செடி என்று தன் சாமான்களை எல்லாம் ஏற்கெனவே ஓர் அட்டைப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தாள். கண் இமை வீங்கியிருந்தது. ஆனாலும் நாற்காலி இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் பேசினாள்.

"மூணு விதமான எழுத்து மேடம். தடிச்ச எழுத்துல இருந்தா அது திரையில இருக்கிற பொத்தான், அழுத்தணும். டைப்ரைட்டர் எழுத்து, அப்படியே அடிக்கணும். சாஞ்ச எழுத்து, அது உதாரணம், அந்த இடத்துல உங்களோடதைப் போடணும்."

"சமையல் குறிப்புல 'உப்பு தேவையான அளவு'ன்னு வருமே, அது மாதிரியா?" என்றேன்.

அவள் முகத்தில் அரைச் சிரிப்பு வந்தது. "அதேதான் அக்கா. நான் உதாரணத்துக்கு ஒரு கைப்பிடின்னு எழுதிச் சாய்ச்சு வைப்பேன். சாய்ச்சிருந்தா, உங்க வீட்டுக்கு எவ்வளவோ அவ்வளவு. நிமிர்ந்திருந்தா, எல்லார் வீட்டுலயும் ஒரு கைப்பிடி."

"ராஜா வீட்டுல உப்புக் கரிச்சிடுச்சு," என்றேன்.

அவள் தன் கணினியைத் திறந்து காட்டினாள். அதே பக்கம், அதே வரி. 'மேடை சுழற்று எடை' நேராக நின்றது. பக்கத்தில் 3000 அழகாக, காற்றில் வளைந்த நாணல் மாதிரி சாய்ந்திருந்தது.

"அப்புறம் என்ன? இதை முதலாளிகிட்ட காட்ட வேண்டியதுதானே!"

"காட்டினேன். நேத்து விபத்து நடந்ததுக்கு அப்புறம் நானே உட்கார்ந்து சாய்ச்சு வச்சுட்டேன்னு சொல்றார். நான் மாத்தலை மேடம். மாத்தலைன்னுதான் நினைக்கிறேன். ராத்திரி பூரா இந்தப் பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். பார்க்கப் பார்க்க, சாஞ்சது நிமிர்ந்து தெரியுது, நிமிர்ந்தது சாஞ்சு தெரியுது. ஒருவேளை நான்தான் சாய்க்காம அனுப்பிட்டேனா? பயத்துல நானே திருத்திட்டு மறந்துட்டேனா? எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பிழைக்கிறவளுக்குத் தன் கண்ணு மேலயே நம்பிக்கை போச்சுன்னா, அப்புறம் என்ன இருக்கு? கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம்னு தோணுது."

வேலை போனால் இன்னொரு வேலை. தன் மேல் இருக்கும் நம்பிக்கை போனால் எந்தக் கடையில் போய் வாங்குவது?

"போடாதீங்க," என்றாள் துருவி. "நாங்க வர்ற வரைக்கும் பேனாவையே தொடாதீங்க."

"டீ நேரத்துக்குள்ள வேணும்னு சொல்லியிருக்கார்."

"அப்ப டீயைக் கொஞ்சம் லேட்டாக் கொதிக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு நான் துருவி பின்னால் ஓடினேன்.

அடுத்து வடிவமைப்பாளர். கையேட்டுக்கு அட்டை போட்டு, படங்களை ஒட்டி, பக்கம் கட்டுகிறவர். இவர்தான் என்று நான் நடைபாதையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். வடிவம் பார்க்கிறவருக்கு எழுத்தின் வடிவத்தைத் தொடாமல் இருக்க முடியுமா?

கதவைத் திறந்ததும் என் தீர்ப்பு ஆட்டம் கண்டது. அறையில் நேராக நின்ற பொருள் ஒன்றுகூட இல்லை. தாள் கட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, எந்த நிமிஷமும் சரியலாம் என்று நின்றன. மேஜையின் ஒரு காலுக்குக் கீழே மடித்த அட்டை. சுவரில் காலண்டர் ஒரு முனையில் மட்டும் தொங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியே ஒரு காதுக்கு மட்டும்தான் சொந்தம் என்பது போல் இருந்தது.

"கையேட்டுல எழுத்தை நீங்க ஏதாவது தொட்டீங்களா?" என்றாள் துருவி.

"நானா?" ஆச்சரியத்தில் அவர் நாற்காலியும் ஒரு பக்கம் சாய்ந்தது. "வந்துச்சு, அட்டை போட்டேன், அனுப்பினேன். சொல்லாத வேலையை இழுத்துப் போட்டுச் செய்யற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாதுங்க. யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

"உங்ககிட்ட வந்தப்ப எழுத்து சாஞ்சிருந்துச்சா, நேரா இருந்துச்சா?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "என் ரூமுக்கு வந்தா எல்லாம் சாஞ்சுதான் இருக்கும்," என்றார் கடைசியில்.

வெளியே வந்ததும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். துருவி சிரிக்கவில்லை. பேயறைந்தவள் போல நின்றாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, அவள் முகம் மலர்ந்தது.

"அண்ணி, இவர் நிமிர்த்தலை. இவருக்கு நிமிர்த்தணும்னு தோணவே தோணாது."

"அப்ப யாரு? எழுதினவ, இவர், அச்சகம். அச்சகத்துல வந்ததை அப்படியே அடிப்பாங்க. வேற யாரு கையிலயும் போகலையே?"

"வாங்க. முதலாளி ரூம்ல டீ குடிக்கலாம்."

நாங்கள் போனபோது அந்தப் பெண் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் கடிதம். 'தவறு என்னுடையது' என்று தடித்த எழுத்தில் தலைப்பு. அவள் கையில் பேனா.

"வாங்க வாங்க," என்றார் முதலாளி. "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. சாட்சிக்கு ஆச்சு."

"ஒரே நிமிஷம் சார்," என்றபடி நுழைந்த துருவி, சுவரில் மாட்டியிருந்த படத்தைத் தோளால் இடித்தாள். முதலாளி எதற்கோ ரிப்பன் வெட்டுகிற படம். அது கோணலாகத் தொங்கியது. மன்னிப்புக் கேட்காமல் அவள் பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. நாலு இடத்துக்குப் போகிற பெண்ணுக்கு இது தெரிய வேண்டாமா?

"போடும்மா, கீழே பேரு, பக்கத்துல..." என்று சொல்லிக்கொண்டே முதலாளி எழுந்துபோய்ப் படத்தை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். "...பக்கத்துல தேதி."

துருவி மேஜையில் வரிசையாகக் கிடந்த பேனாக்களில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் குறுக்காக வைத்தாள்.

"வருத்தமா இருக்கு, என்ன பண்றது," என்றார் முதலாளி. அவர் விரல் அந்தப் பேனாவை வரிசையில் சேர்த்தது. "கம்பெனி பேரு முக்கியம் பாருங்க."

டீ வந்தது. துருவி அவருடைய கப்பின் காதை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். அவர் மறுபடி திருப்பிக்கொண்டார். அவள் எழுந்து, "அட, இது நீங்களா சார்?" என்று படத்தை எட்டிப் பார்த்து அதை இன்னொரு தடவை கோணலாக்கினாள். நான் அவள் காலை மிதித்தேன். அவள் என் காலைத் திருப்பி மிதித்தாள். முதலாளி மறுபடி எழுந்து போய்ப் படத்தை நேராக்கினார். இதற்குள் அந்தப் பெண் பேனா முனையைத் தாளில் வைத்துவிட்டாள்.

"சார்," என்றாள் துருவி. "நாங்க உள்ள வந்ததுலேர்ந்து இந்த ரூம்ல நீங்க என்னென்ன மாத்தினீங்க?"

"நானா?" என்றார் முதலாளி. "நான் எதையும் மாத்தலையே?"

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அந்தப் படம்?"

"அது கோணலா இருந்துச்சு. சரி பண்ணேன்."

"பேனா?"

"சரி பண்ணேன்."

"கப்பு?"

"சரி பண்ணேன். ஏன் கேக்குறீங்க?"

"கையேடு?"

"அதையும் சரி..." என்றவர் வாயை மூட மறந்துவிட்டார்.

அறையில் யாரும் மூச்சு விடவில்லை. விட்டதென்னவோ நான்தான், அதுவும் டீ புரையேறியதால்.

"நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலைங்க!" என்றார் முதலாளி பரிதாபமாக. "என் மேஜைக்கு வந்தப்ப சும்மா ஒரு தடவை புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் ஒண்ணு ரெண்டு மட்டும் சாஞ்சு சாஞ்சு நின்னுச்சு. பார்க்கவே என்னமோ பண்ணிச்சு. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு பொத்தானை அழுத்தினேன். எல்லாம் நிமிர்ந்துடுச்சு. குழந்தை சட்டை காலர் மடிஞ்சிருந்தா நீங்க இழுத்து விட மாட்டீங்களா? அதைப் போய் மாத்தினதுன்னு சொல்வாங்களா?"

"அதனாலதான் காலையில உங்க முகத்துல பொய்யே இல்லை," என்றாள் துருவி. "உங்க கையேட்டோட முதல் பக்கத்தை என்னிக்காவது படிச்சிருக்கீங்களா சார்?"

"முதல் பக்கமா? அதை யாருங்க படிப்பா? நான் நேரா விஷயத்துக்குப் போயிடுவேன்."

அந்தப் புத்தகத்தை விற்றவர் முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. அட்டை போட்டவர் படிக்கவில்லை. ஒரே ஓர் ஆத்மா படித்தது, படித்ததை நம்பி அப்படியே அடித்தது, அதன் பலனை ராஜா அனுபவித்தார். என் சிரிப்பை அடக்க நான் ரிப்பன் வெட்டும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது உதவவில்லை.

துருவி கடிதத்தை அந்தப் பெண்ணின் கையிலிருந்து வாங்கி, முதலாளி பக்கம் திருப்பி வைத்தாள். "தலைப்பு சரியாத்தான் இருக்கு. ஆள்தான் மாறியிருக்கு."

நல்ல மனுஷன் என்று சொல்ல வேண்டும். முகம் சுண்டிப் போனாலும் பேனாவை எடுத்தார். தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தாளை மேஜை விளிம்புக்கு நேராக வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். "என்னை மன்னிச்சிடும்மா. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நான் அவள் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டும் இருந்தாள். "சாஞ்சுதான் இருந்துச்சு அக்கா," என்றாள். "நான் சாய்ச்சுத்தான் அனுப்பியிருக்கேன்!"

அந்த நேரம் முதலாளியின் போன் அடித்தது. அரங்கத்திலிருந்து ஆபரேட்டர். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஜனங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுழற்றிப் பார்க்கணும். ராஜா மேடையில நிக்கிறார், கம்பு ஊன்றிக்கிட்டு. நான் எதையும் தொட மாட்டேன். அந்தக் கையேட்டை எழுதினவங்க தன் வாயால சொன்னாத்தான் தொடுவேன்."

முதலாளி போனை இரண்டு கையாலும் ஏந்தி அவள் முன்னால் வைத்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணா, பயப்படாதீங்க. 'மேடை சுழற்று எடை' வரைக்கும் அப்படியே அடிங்க. மூவாயிரம் வேண்டாம். அந்த இடத்துல இப்ப மேடையில என்ன எடை இருக்கோ அதைப் போடுங்க."

"மேடையில ராஜா மட்டும்தாங்க. எவ்வளவு போட?"

"அவரைக் கேளுங்க."

தூரத்தில் ஆபரேட்டர் கத்திக் கேட்பதும், ராஜா கம்பீரமாக, "அறுபது!" என்று முழங்குவதும் கேட்டது. விசைகளைத் தட்டும் சத்தம். எந்திரம் உறுமியது. உறுமிக்கொண்டே இருந்தது.

"நகர மாட்டேங்குது சார்!" ஆபரேட்டர் அலறினார். "முக்குது, முனகுது, அசையலை. கையேடு மறுபடியும் தப்பா?"

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. அவர் கை, அவரறியாமல், கணினியில் அந்தப் பக்கத்தைத் திறக்கப் போனது. துருவி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். காலையில் தன் கண்ணையே நம்பாமல் பேனாவைத் தேடிய பெண். இப்போது அவள் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கையேடு சரிண்ணா," என்றாள் போனில், நிதானமாக. "எந்திரமும் சரி. ராஜா பொய் சொல்றார்."

அந்தப் பக்கம் கம்பு மேடையில் டக்கு டக்கென்று நெருங்கி வருவது கேட்டது. ராஜா, ராஜாவுக்குரிய குரலில் இல்லாமல், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற சின்னக் குரலில் வேறோர் எண்ணைச் சொன்னார்.